மீதி வராத எண்

தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலை அழுத்தி எழுதினால் 'கிர்ர்' என்று பல் கூசும். எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால், அப்பா ஏதோ ஓர் எண்ணின் மேல் சந்தேகப்பட்டுவிட்டார் என்று பொருள். அலுவலகத்தில் குமாஸ்தா, கோயிலில் ஞாயிறு தவறாதவர், ஆனால் எண் என்று வந்துவிட்டால் ஒருவரையும் நம்பமாட்டார். பைபிளில் சாத்தானுடைய மிருகத்தின் எண்ணாக வருகிற அறுநூற்று அறுபத்தாறு அந்த எண்ணுக்குள் 'ஒளிஞ்சிருக்கா' என்று வகுத்துப் பார்த்தாக வேண்டும். மீதி வந்தால் நிம்மதி. வராவிட்டால், திருச்செந்தூர் பஸ்ஸே ஆனாலும் ஏறாமல் வெயிலில் நின்று அடுத்ததில்தான் போவோம்.

வகுக்கிற வேலை என்னுடையது. ஏழாம் வகுப்புதான் என்றாலும் கணக்கில் கெட்டிக்காரி என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஜெசி அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் வந்த அன்று, அதிலிருந்த 694638-ஐ அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தாறு. ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை கூட்டினால் 666. மும்மூன்றாகப் பிரித்து 694-ஐயும் 638-ஐயும் கூட்டினால் 1332, அதாவது இரண்டு 666. "ஏட்டி, பைய வகுத்துப் பாரு" என்றார். 1043 தடவை கச்சிதமாகப் போயிற்று. "மீதி ஒண்ணுமில்லப்பா!" என்று குதித்துக்கொண்டு கத்தினேன். பாவி, ஒரே ஒரு ஒன்றை மீதி வைத்துச் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்!

"நான் சொன்னம்லா? இந்த நம்பர வச்சுக்கிட்டு எம்பிள்ள பரீட்ச எழுத வேண்டாம்."

"நர்சிங் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. அவ வாழ்க்கைல வெளையாடுதீகளே" என்று அம்மா அழுதாள்.

எண்ணை மாற்ற முடியாது என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள். முதல் தேர்வன்று காலையில், ஹால் டிக்கெட் அப்பாவின் பையோடு அலுவலகத்துக்குப் போய்விட்டது. அக்கா சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, அப்பாவைத் தேடி ஓடவும் இல்லை. துணைத்தேர்வில் வேறு எண்ணில் தேறினாள். அதற்குள் நர்சிங் இடங்கள் முடிந்துவிட்டன. அடுத்த வருடம் திசையன்விளையில் கட்டிக்கொடுத்தார்கள்.

வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் அறுநூற்று அறுபத்தாறுக்கு ஓர் எண் அப்படித்தான் வகுபடும். அக்காவின் எண் மாதிரியே வாய்த்த எத்தனையோ பிள்ளைகள் அந்த வருடமும் எழுதித் தேறியிருப்பார்கள். அப்பாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? இன்று அப்பா இல்லை, காலண்டர் தாளில் வகுப்பாரும் இல்லை. போனில் பெயரைத் தொட்டுப் பேசுகிறோம். எண்ணை யார் பார்க்கிறார்கள்?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, "எல்லாம் என்னாலதான்க்கா, பொய் சொல்லியிருக்கலாம்" என்று அழுதுவிட்டேன். அவள் முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஏட்டி, போ கிறுக்கி. நீ வகுக்கதுக்கு முந்தியே நான் பள்ளிக்கூடத்துல வகுத்துப் பாத்துட்டேன். டிக்கெட்ட அப்பா எடுக்கல. பயந்துபோயி நாந்தான் அவுக பையில வச்சேன்."

நிஜமா, என்னைத் தேற்றச் சொன்னாளா என்று இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. நிஜமென்றால், அந்த ஒரு காரியத்துக்காகவே அப்பா சாகும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையே, அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தார்?