ஏகாம்பரம் கண்ணாடி போட்ட படம்

போன வெள்ளிக்கிழமை அரக்கோணத்தில் என் வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. மூலைகளில் கறுப்பு மை தடவியிருந்ததைப் பார்த்ததுமே என் மனைவி, வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடச் சொன்னாள். ஏகாம்பரம் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் எழுதியிருந்தான். இரண்டு தரம் படித்த பிறகுதான் கிழித்தேன். காஞ்சிபுரத்தில் நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பதினோரு வருடம் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அங்கே வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். அவர் படங்களுக்குக் கண்ணாடி போட்ட கதை மட்டும் பாதிதான் தெரிந்திருக்கும்.

சங்கத்துக்குக் கிடைத்த ஒரு சான்றிதழில் அது ஆரம்பித்தது. அதற்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட, கோயில் வீதிக் கடைக்காரர் கேட்ட தொகை எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. அதே கடையில், சட்டமும் கண்ணாடியும் போட்ட லட்சுமி படம் அதில் பாதி விலைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நானாக இருந்தால் பேரம் பேசியிருப்பேன். ஏகாம்பரம் இரண்டு சாயங்காலம் கடையிலேயே உட்கார்ந்து விசாரித்தார். சட்டக் கட்டை மதராஸிலிருந்து ஒரே நீளத்தில் வருகிறதாம், வெட்டி மிஞ்சும் துண்டு வீணாம். கண்ணாடி அறுக்கும்போது உடைந்தால் அதுவும் கடைக்காரர் தலையிலாம். சாமி படங்களோ நூறு நூறாக ஒரே அளவில் தயாராகின்றன. கடைக்காரர் சொன்னதை மறுநாள் எங்களிடம் அப்படியே ஒப்பித்தார்: “சாமிங்க எல்லாம் ஒரே அளவுபா. மனுசன்தான் ஆளுக்கொரு அளவுல வந்து நிக்கிறான்.”

நாமே போட்டால் என்ன என்று கிளம்பினார். கண்ணாடியையும் அட்டையையும் சேர்த்து, ஓரத்தில் பழைய பட்டுப்புடவைக் கரையை ஒட்டினார். பசைக்கு எங்கே போவது? தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சிதான். சரிகைக் கரையோடு சான்றிதழ் ஜம்மென்று இருந்தது. இரண்டே மாதத்தில் கரப்பான்கள் கஞ்சியோடு சங்கத்தின் பெயரையும் தின்றுவிட்டன. செயலாளர் காச்சு காச்சென்று காய்ச்சினார். ஏகாம்பரமோ பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அரக்கு முத்திரையை மட்டும் ஏன் விட்டுவைத்தன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அப்புறம்தான் குளக்கரை அரச மரம் அவர் கண்ணில் பட்டது. கண்ணாடி உடைந்த, சாயம் போன சாமி படங்களைக் குப்பையில் போட மனமில்லாமல் ஜனங்கள் அதனடியில் சாத்திவிட்டுப் போவார்கள். நல்ல தேக்குச் சட்டங்கள்கூட மழையில் ஊறிக் கிடக்கும். ஒருவரும் தொட மாட்டார்கள். ஏகாம்பரம் தொட்டார். துடைத்துச் சீர்செய்து, கடைக்குப் போக வழியில்லாதவர்களின் படங்களுக்குப் போட்டுக் கொடுத்தார். உள்ளே இருந்த சாமியை எறிய அவருக்கும் கை வரவில்லை. தூசி புகாமல் இருக்கட்டும் என்று புதுப் படத்துக்குப் பின்பக்கத்திலேயே வைத்து அட்டையால் மூடிவிடுவார். இது தப்பில்லையா என்று கேட்டேன். “தப்பா இருந்தா அவங்களே சொல்லட்டும்பா,” என்று மரத்தடியில் இருந்த சாமிகளைக் காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் நம் சங்கத்து நெசவாளர் துரைசாமி காய்ச்சலில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போன ஏகாம்பரத்திடம் துரைசாமியின் மனைவி பச்சையம்மாள் ஒரு போட்டோவைக் கொடுத்தாள். ஒடுங்கி நீண்ட படம், எந்தக் கடைச் சட்டத்திலும் அடங்காது. அளவெடுத்துச் செய்ய ஒரு வாரத் தறிக்கூலி வேண்டும். அவளிடம் அது இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் வரும்போது சுவரில் அந்த முகம் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. ஏகாம்பரம் நேரே மரத்தடிக்குப் போனார். ஒரு நீளமான காமாட்சி படம், கண்ணாடியில் கீறல்கூட இல்லாமல் இருந்தது. இவ்வளவு நல்ல படத்தை யார் கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சட்டத்தில் துரைசாமி போட்டோவைப் பொருத்தி, காரியத்துக்கு முதல் நாள் நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டு போனோம். பச்சையம்மாள் கணவன் முகத்தைப் பார்த்துச் சிறிது நேரம் அழுதாள். பிறகு சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தடவினாள். கற்பூரம் பட்டுக் கருகிய ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். கடையில் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

“இல்லம்மா. கொளத்தங்கரை அரச மரத்தடியில எடுத்தது,” என்றார் ஏகாம்பரம்.

அது அவளுடைய படம். கணவன் பிழைக்க வேண்டும் என்று நாற்பது நாள் அதன் முன் கற்பூரம் ஏற்றியிருக்கிறாள். அவர் போன அன்றைக்கு, இனி இந்தக் காமாட்சி முகத்தில் விழிக்க மாட்டேன் என்று தன் கையாலேயே கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதையெல்லாம் சொல்லி முடித்து, சாமி எங்கே என்று கேட்டாள். பின்னால்தான் இருக்கிறது, வேண்டாமென்றால் இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று ஏகாம்பரம் பையிலிருந்து ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார். எனக்கு வெளியே போய்விடலாம் போலிருந்தது.

அவள் படத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தாள்.

“இருக்கட்டும் சார். காப்பாத்தத்தான் இல்ல. அவரத் தாங்கிக்கினாவது இருக்கட்டும்.”

அவளே ஆணியில் மாட்டினாள். திரும்பி வரும் வழியில் ஏகாம்பரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, “ஏன்பா, நீ கடையிலன்னு சொன்னியே, நானும் ஆமான்னு சொல்லிருந்தா அந்தம்மா இன்னா பண்ணியிருக்கும்?” என்றார். என்னைக் குத்திக்காட்டவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். கார்டைக் கிழித்த அன்று அதைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோது பதில் தெரிந்தது. அடையாளம் தெரிந்தும் அவளும் கடை என்றே ஒப்புக்கொண்டிருப்பாள். தான் கைவிட்டது தன் வீட்டுக்கே வந்துவிட்டதை ஒருவரிடமும் சொல்லாமல், அதற்குத் தினமும் பயந்து பயந்து விளக்கேற்றியிருப்பாள். ஏகாம்பரம், இதைப் போய்ச் சொல்ல இப்போது எனக்கு நீங்கள் இல்லை.