வியாழக்கிழமை முதல் ஷிப்ட்

தையல்கார அக்காவின் கடையில் இரண்டு மெஷின், ஒரு ஸ்டூல், அளவுச் சீட்டுகள் குத்திய ஓர் ஆணி. அவ்வளவுதான். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி காலை முதல் ஷிப்டில் டயாலிசிஸ். அந்த மூன்று நாளைச் சுற்றித்தான் அக்காவின் வாரம் ஓடியது. தைத்த துணியைக்கூட மற்ற நாட்களில்தான் கொடுப்பார்.

டயாலிசிஸ் மையத்தின் செயலியில் நாள் மாற்றும் திரையை வடிவமைத்தவள் நான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளும் நான்தான். போனில் எது வந்தாலும் அம்மா என்னிடம் நீட்டிவிடுவாள். அவளைப் போன்றவர்களுக்காகச் செய்கிறேன் என்று ஆபீசில் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. சோதனை போனை ஒருவர் கையில் கொடுத்த பிறகு நாம் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று புதன்கிழமை. "நாளைக்கு இருக்கறதை வெள்ளிக்கு மாத்திப் பாருங்கக்கா. சும்மா ஒத்திகைதான்," என்று போனைக் கொடுத்தேன்.

"பரீட்சைன்னா எனக்கு அப்பவே ஆகாது. தையல்னா பரவாயில்ல, பிரிச்சுத் தைச்சுக்கலாம்," என்று சிரித்தபடி தன் நம்பரைப் போட்டுச் செயலிக்குள் போனார்.

'மாற்று' என்ற பட்டனை அழுத்தினார். காலி நாட்கள் வர வேண்டிய இடத்தில் "இப்போது இடம் இல்லை" என்று வந்தது. அதே நேரம் மெஷின் மேலிருந்த அக்காவின் சொந்த போன் ஒலித்தது. "உங்கள் வியாழக்கிழமை இடம் விடுவிக்கப்பட்டது."

சோதனை போனை வாங்கிப் பார்த்தேன். சோதனைப் பதிப்பிலிருந்து யாருக்கும் செய்தி போகாது.

அதில் நிஜப் பதிப்பும் இருந்தது; நான் திறந்து கொடுத்தது அதைத்தான். சோதனைப் பதிப்பின் மேல்பக்கம் ஒரு மஞ்சள் பட்டை இருந்தவரை வித்தியாசம் தெரிந்தது. பார்ப்பவர்களின் கவனம் சிதறுகிறதென்று அதற்கு முந்தின வாரம் நானே அதை எடுத்துவிட்டேன். பழைய இடத்தை விட்ட பிறகே புது நாளைக் காட்டும்படி வரைந்ததும் நான்தான்.

"ஏம்மா முகம் இப்படி வெளிறிப்போச்சு? தப்பா அமுக்கிட்டேனா?"

"நீங்க இல்லக்கா, நான்தான். நிஜமாவே போயிடுச்சு."

"அப்போ நாளைக்கு அவருக்கு?"

உடனே மையத்துக்கு போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார். "விட்ட உடனே காத்திருக்கறவங்களுக்குப் போயிடும். ஒரு அம்மா சரின்னு சொல்லிட்டாங்க. அவங்களும் நாலு நாளா டயாலிசிஸ் இல்லாம இருக்காங்க, எப்படிப் பிடுங்கறது? அவர் பேரைக் காத்திருக்கறவங்க பட்டியல்ல சேர்த்துடறேன். வேற யாராவது விட்டா போன்ல வேணுமான்னு கேட்கும். அஞ்சு நிமிஷத்துல சரின்னு சொல்லணும். அவருக்குத் தண்ணியைக் குறைங்க. மூச்சு வாங்கினா காத்திருக்காதீங்க, அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

"போன தடவை ஒரு நாள் தள்ளினப்பவே அவரால படுக்க முடியல," என்றார் அக்கா. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மெஷின் ஓடவில்லை. இருவரும் அக்காவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கு அது ஒலித்தது. வியாழன், கடைசி ஷிப்ட். கீழே ஐந்து நிமிடம் சிவப்பு எண்களில் குறைந்துகொண்டே வந்தது. அக்கா தொட்டார். "நிச்சயமாக வேண்டுமா?" என்று நான் வரைந்த திரை கேட்டது. அக்காவின் விரல் நின்றுவிட்டது.

"இதை அமுக்கினா இதுவும் போயிடுமா?"

மூன்று நிமிடம். இரண்டு. ஒருமுறை அழுத்தி இழந்தவர் மறுமுறை எப்படி அழுத்துவார்? அதை நான் யோசித்ததே இல்லை.

"போகாதுக்கா. பச்சையை அமுக்குங்க. அமுக்குங்கக்கா."

அழுத்தினார். இடம் உறுதி என்று வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு மையத்துக்குப் போனோம். நர்ஸ் பட்டியலை நீட்ட, வீட்டுக்காரர் பெயர் மேல் அக்கா விரலை வைத்தார். வெகு நேரம் விரலை எடுக்கவில்லை.

போன வாரம் அந்த நர்ஸைப் பார்த்தேன். ஒவ்வொரு முறைக்கும் முந்தின நாள் அக்கா நேரில் வந்து பெயரைப் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

"இந்த அலைச்சல் வேண்டாம்னுதானேம்மா உங்ககிட்ட அந்தச் செயலியைச் செஞ்சு தரச் சொன்னோம்," என்றார் நர்ஸ்.