பூட்டுக்குச் சந்தனம் வைத்தவர்கள்

கணிப்பொறித் துறை மந்திரமூர்த்தி போய்விட்டான் என்று பேட்டை பஸ்ஸில் என் காதில் விழுந்த நொடியில், தாமிரபரணி திரும்பி மலைக்கே ஏறிப் போயிருக்க வேண்டும். ஏறவில்லை. பஸ்கூட நிற்கவில்லை. கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் நம் கல்லூரி முதல்வர், “இங்கே கணினிக் கல்விக்கே அவர்தான் தந்தை” என்றார். அந்தத் தந்தையை என்ன பாடு படுத்தினோம் என்பதைச் சொல்லவில்லை. தாவரவியலில் காலம் தள்ளிய நான் சொல்கிறேன். நீங்களும் உடன் இருந்தவர்கள்தானே.

பிள்ளைகள் கணிப்பொறியிலேயே பாடம் படித்துத் தேர்வெழுத ஒரு மென்பொருள் வாங்கக் குழு கூடியது. மந்திரமூர்த்தி ஒரு குறுந்தகட்டோடு வந்தான். விலை கிடையாது, யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், நகலெடுக்கலாம். முதல்வர் அதைச் செத்த எலியைப் போல இரண்டு விரலால் தூக்கினார்.

“ஓசிச் சாமானாவே? என்னவே பேசுதீரு!”

“ஓசி இல்ல சார், தொறந்த சாமான். கம்பெனிக்காரன் தாரது பூட்டுன பொட்டி. நம்ம பாடம் உள்ள கெடக்கும், சாவி அவன்கிட்ட இருக்கும்.”

“தொறந்து கெடந்தா நாயில்லா வந்து வாய வைக்கும்!”

குழு சிரித்த சிரிப்பில் மேலப்பாளையத்துத் தறிகளெல்லாம் நின்றுபோயின. பூட்டிய பெட்டியே வந்தது. கணிப்பொறியின் முதுகில் செருக ஒரு தீப்பெட்டி அளவு பூட்டு. அது இருந்தால்தான் பாடம் திறக்கும். மந்திரமூர்த்தி கோபத்தை விழுங்கிவிட்டு, ஸ்ரீவைகுண்டம் வயல்காட்டுப் பிள்ளைகளுக்கும் புரிகிற தமிழில் எல்லாப் பாடத்தையும் அதில் ஏற்றினான்.

ஆயுத பூஜை வந்தது. பூட்டைக் கழற்றி, பன்னீர் தெளித்து, செருகுகிற ஊசிமுனைகளின் நடுவே சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தார்கள். இந்திரனின் வஜ்ராயுதத்துக்கே அப்படியொரு மரியாதை நடந்திருக்காது. விஜயதசமியன்று திரும்பச் செருகினால் பூட்டைக் காணோம் என்றது திரை. புதிதாக வாங்குங்கள் என்றது கம்பெனி. பாடங்கள் அத்தனையும் உள்ளே.

“நீரு முன்னாலயே சொல்ல வேண்டாமாவே?” என்று முதல்வர் அவன்மேல் பாய்ந்தார்.

“பூட்டுக்குப் பொட்டு வைக்காதீங்கன்னு எந்தப் பொஸ்தகத்துல சார் போட்டிருக்கும்?”

கழித்துப் போட்ட ஒரு கணிப்பொறியில், அந்தத் திறந்த மென்பொருளில், எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி தட்டினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே தட்டினான். பிள்ளைகளுக்கு நகல் கொடுத்து, “கொண்டு போங்கல, தப்பு இருந்தா நீங்களே திருத்துங்க” என்றான். கடைசிப் பாடம் முடிந்தது, அவனும் முடிந்தான். மருத்துவர் மாரடைப்பு என்கிறார். நான் சந்தனம் என்கிறேன்.

இப்போது ஆய்வகத்துக்கு அவன் பெயராம். உள்ளே அதே பெட்டி, புதுப் பூட்டோடு! பெயர்ப் பலகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அவன் பாடங்கள் இருக்கின்றன. தாவரவியல் பாடத்தில் ‘வாழை மரம்’ என்று எழுதியிருந்தான்.

“ஏலே, வாழை மரமில்லலே, செடி!” என்று ஒருமுறை கத்தினேன்.

“மரந்தான் அண்ணாச்சி. இல்லன்னா தொறந்து திருத்துங்க, அதுக்குத்தான தொறந்து வச்சிருக்கேன்.”

நேற்றுத் திறந்து, செடி என்று திருத்தினேன். இல்லை என்று மல்லுக்கு நிற்க அந்தப் பயல் இல்லை.