லிஃப்ட்டைத் தூக்கிய கொடி

துணி காயப்போடுவதற்காகச் சித்தப்பா ஒரு கட்டடத்து லிஃப்ட்டையே கழற்றிவிட்டாராம். யாரோ தங்கையிடம் சொல்ல, அவள் எனக்குச் சொன்னாள். கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படிச் செய்தி வந்தால் சோறு இறங்குமா? போலீஸ், வழக்கு, ஜாமீன் வரைக்கும் போய்விட்டது மனம். கூப்பிட்டுக் கேட்டேன்.

"லிஃப்ட்டையா? அதோட கயிறைத்தான்டா. புதுசு மாத்தினப்போ பழசைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார், லிஃப்ட்டை விட்டுவைத்தது தன் பெருந்தன்மை என்பதுபோல.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதி வாழ்க்கையை இருட்டுக் குழிக்குள், தலைக்கு மேல் தொங்கும் பெட்டியை நம்பிக் கழித்தவர். அதனாலோ என்னவோ, எதையும் லேசாகக் கட்ட வராது. கொசுவலைக்கே சுவரில் போல்ட் அடித்தவர். அவர் மாட்டிய காலண்டரைக் கழற்ற ஸ்பானர் வேண்டும்.

சித்தி ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறாள். எல்லாம் வெள்ளை. வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த நைலான் கொடி வெயிலில் நைந்து அறுந்து, விரிப்புகள் சேற்றில் விழுந்தன. 'இன்னொரு தடவை கறையோட வந்தா வேற ஆளைப் பார்த்துக்கறோம்' என்று விடுதி மேனேஜர் சொல்லிவிட்டார். சித்தி தானே தேடிப் பிடித்த வேலை அது.

"சணல் மக்கிடும், சாதாக் கம்பி துருப்பிடிக்கும்" என்று சித்தப்பா எனக்கு வீடியோவில் விளக்கினார். "பத்துப் பேரைத் தூக்கின கயிறு, இவ விரிப்பைத் தூக்காதா?"

"அதுவும் கம்பிதானே? துருப்பிடிக்காதா?" சித்தி கேட்டாள்.

"ஜென்மத்துக்கும் பிடிக்காது. நடுவுல இருக்கிற திரியில எண்ணெய் ஊறிக் கிடக்கு. சூடு பட்டா தானா கசிஞ்சு வந்து கம்பியைக் காப்பாத்தும்."

மேலே இருந்த பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்தும் காட்டினார். சித்திக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. கசிகிற எண்ணெய் எங்கே போகும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சித்தப்பாவின் போனிலிருந்து சித்தியே வீடியோவில் கூப்பிட்டாள். ஒவ்வொரு விரிப்பிலும் குறுக்கே ஒரு கருப்புப் பட்டை.

"பாருடா, உன் சித்தப்பா எல்லாத்துக்கும் கரை வச்சுக் குடுத்திருக்கார். ஊர்ல கரையை ஓரத்துல வைப்பாங்க, இவர் நடுவுல வச்சிருக்கார்."

"கயிறு மேல தப்பில்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அது அதோட வேலையைச் செய்யுது."

"அது செய்யுது. என் வேலைதான் போகப்போகுது!"

சட்டையை மாட்டிக்கொண்டு போன சித்தப்பா, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியோடு வந்தார். ஒல்லியாக இருந்தது. "தாங்குமா?" என்றேன், கவலைப்படுவது ஒன்றுதான் இங்கிருந்து என்னால் முடிகிற வேலை. லிஃப்ட் கயிற்றுக்காகச் சுவரில் அடித்திருந்த ராட்சச போல்ட்டுகளிலேயே அதை இழுத்துக் கட்டினார். பிறகு சித்தியோடு குந்தி, பாத்திரம் விளக்கும் சோப்பைத் தேய்த்து ஒவ்வொரு பட்டையாகக் கசக்கினார்.

விரிப்புகள் மறுபடி கொடி ஏறின. கம்பி தாங்கியது. பட்டை போய்விட்டதா, ஈரத்தில் ஒளிந்திருக்கிறதா என்பது காய்ந்தால்தான் தெரியும்.

ஜன்னல் விளிம்பில் சித்தியின் போன் அடித்தது.

"மேனேஜர்தான். எடுங்க."

"நானா? விரிப்பு உன்னுது."

"கயிறு உங்களுது!"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, திரையிலிருந்த என்னைப் பார்த்தார்கள். பின்னால் விரிப்புகள் சொட்டிக்கொண்டிருந்தன. போன் அடித்துக்கொண்டே இருந்தது.