இரு ஊர்ப் பெட்டிகளும் ஒரே நல்ல நேரத்தில் அணைந்த கதை

வாசிக்கும் ஐயா, அம்மையீர், நான் பள்ளிப் படிப்பை முடிக்காதவன். கேபிள் இழுக்கும் வேலைக்குச் சென்று, அகராதியின் துணையுடன் கையேடுகளைப் படித்து, வைஃபை அமைக்கக் கற்றுக்கொண்டவன். குற்றமற்ற ஒரு செவிலியரின் வேலையைப் பறிக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். ஆயினும் பொய் எழுதமாட்டேன்.

நான் பராமரித்து வந்த தனியார் மருத்துவமனைக்கு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கிளைகள் உண்டு. நோயாளியின் நாடித்துடிப்பு வைஃபை வழியாகச் செவிலியரின் திரைக்கு வரும். கூரையிலுள்ள வைஃபை கருவிகள் ஒரு கன்ட்ரோலர் பெட்டிக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வொரு கருவிக்குள்ளும் இரண்டு பெயர்களைப் பதித்திருந்தேன்: முதலில் விழுப்புரத்துப் பெட்டி, அது பதில் தராவிட்டால் திண்டிவனத்துப் பெட்டி. பலமுறை ஒன்றை அணைத்துச் சோதித்திருக்கிறேன். கருவிகள் மற்றதிடம் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

ஆயுத பூசையன்று காலை, பெட்டியை அணைத்துவிட்டுச் சந்தனம் வைக்குமாறு நிர்வாகி கூறினார்.

“அணைக்காமலே பொட்டு வெக்கலாங்களே,” என்றேன்.

“வருஷத்துல ஒரு நாளு அதுக்கும் ரெஸ்ட் வேணாமா, பெரியவரே? ஜல்தி பண்ணுங்க, நல்ல நேரம் போய்க்கினு இருக்குது. இது நின்னா திண்டிவனம் பாத்துக்கும்னு நீங்கதானே சொல்லிக்கினு இருப்பீங்க!”

சொன்னவன் நான்தான். அணைத்ததும் என் கைதான், அதை மறைக்கமாட்டேன்.

திண்டிவனத்துச் சுவரிலும் அதே நாள்காட்டிதான் தொங்குகிறது. அதே நல்ல நேரத்தில், விழுப்புரம் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களும் தங்கள் பெட்டியை அணைத்தார்கள். தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை.

விழுப்புரத்தில் வார்டுத் திரைகள் யாவும் வெறுமையாயின. அங்கே பணியிலிருந்தவர் கெடாரிலிருந்து பேருந்தில் வரும் அந்தச் செவிலியர். அவர் திரையின் முன் கைகட்டி உட்காரவில்லை. கட்டில் கட்டிலாகச் சென்று மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தார். ஒரு முதியவருக்குத் துடிப்பு தாழ்ந்திருப்பதை உணர்ந்து மருத்துவரை ஓடி அழைத்தார். முதியவர் பிழைத்தார். செய்தி கேட்டு, கையிலிருந்த பொரியைக் கொட்டிவிட்டு நான் பெட்டியை உயிர்ப்பித்தேன்.

திரைகள் அணைந்தது பற்றி முதியவரின் குடும்பத்தார் புகார் கொடுத்தனர். மறுவாரமே, திரையைக் கவனிக்கத் தவறியதாகச் செவிலியரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். நிர்வாகியின் அறைக்குச் சென்றேன்.

“அந்தம்மா என்னங்க தப்பு பண்ணாங்க?”

“யாரு மேலயாவது எழுதணுமில்ல? பூஜைக்கு ரெண்டையும் அணைச்சிட்டோம்னு எழுதினா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டுங்க.”

“பேஜாரு பண்ணாதீங்க பெரியவரே. அணைச்சது உங்க கைதானே? அத எழுதட்டுமா?”

“நானே எழுதித் தர்றேங்க. உங்க வாயி சொல்லுச்சு, என் கை அணைச்சுது. அன்னிக்கு ஒழுங்கா வேலை செஞ்சது அந்தம்மா விரலு மட்டுந்தான்.”

மறுநாள் முதல் வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். போகட்டும். ஆனால் வேலையைச் சரியாகச் செய்தவர் வீட்டில் இருக்கிறார். அணைக்கச் சொன்னவர் செவிலியர் மீதான விசாரணைக்குத் தலைமை ஏற்கப் போகிறார். இதை எப்படிப் பொறுப்பது?

இரண்டு பெட்டிகளும் தாம் அணைக்கப்பட்ட நேரத்தைத் தமக்குள் பதிந்து வைத்திருந்தன. வெளியேறுமுன் அவற்றை அச்செடுத்தேன்; இந்தத் தாள்களின் பின்னால் தைத்திருக்கிறேன். விசாரணையில் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இதைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.