ஜன்னலோரம் உட்கார்ந்து போன மஞ்சள் பை

காலை எட்டரைக்குத் தஞ்சாவூர் ஜங்ஷனுக்குள் நுழைந்தேன். நாகூர் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது, வாசலெல்லாம் கூட்டம். என் கையில் சின்ன மஞ்சள் பை, அதற்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் என் அக்காவின் பல்செட். எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்போம். மறுநாள் நாகூரில் லாத்தா மகளுக்கு நிக்காஹ். "பல்லு இல்லாம சம்பந்தி முன்னாடி வந்து நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தஞ்சாவூர் டாக்டரிடம் பல்லை வாங்கி வருவதுதான் சென்னைத் தம்பியை நம்பி ஒப்படைத்த ஒரே வேலை. தம்பிக்கு வயது ஐம்பத்திரண்டு.

இந்தப் பக்கத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் சீட்டு நம்முடையது. என்னிடம் துண்டு இல்லை. பையையே கம்பிக்குள் நுழைத்து ஜன்னலோர சீட்டில் போட்டேன். எதிர்வண்டி வந்தபிறகுதான் கிளம்பும் என்றார்கள். "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று ஜன்னலுக்குள் பொதுவாகச் சொல்லிவிட்டு, நிம்மதியாக வெளியே போனேன். டீ பதினைந்து ரூபாய். நின்ற இடத்திலிருந்து ஸ்டேஷனின் பழைய முகப்பைப் பார்த்தேன். எதிரே பஸ்ஸும் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நிற்க, அது மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் நின்றது. பார்த்து நானும் அவசரத்தை மறந்தேன்.

எதிர்வண்டி எப்போதோ வந்துவிட்டிருந்தது; என் வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. நான் பிளாட்பாரத்தில் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். கடைசிப் பெட்டி வாசலில் நின்றவர், வழியனுப்ப வந்தவன் என்று நினைத்து, பதிலுக்குக் கையாட்டினார்.

வெளியே ஓடிவந்து ஓர் ஆட்டோவில் விழுந்து, என் பை மட்டும் ரயிலில் போவதைச் சொன்னேன்.

"நீடாமங்கலத்துல கிராஸிங்குக்கு நிக்கும் சார், புடிச்சிரலாம். எண்ணூறு குடுங்க. பையில நகையா?"

"பல்லு."

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தங்கப் பல்லா?"

"சாதாப் பல்லுதாங்க."

அதன்பிறகு அவர் வேகத்தைக் குறைத்ததாக எனக்குத் தோன்றியது. முப்பது கிலோமீட்டரும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். இளம்பச்சை நாற்று, நடுவில் வாய்க்கால், கொக்கு. எனக்கு எல்லாக் கொக்கும் பல் இல்லாமல் தெரிந்தது. யாராவது டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, அலறி, ஜன்னல் வழியே எறிந்திருப்பார்கள்; லாத்தா அறைக்கதவைத் திறக்கவே மாட்டார்; மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போய்விடுவார்கள். அம்மாப்பேட்டை தாண்டுவதற்குள் கல்யாணத்தை நானே நிறுத்தியிருந்தேன்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. என் பையைச் சுமந்துவந்த வண்டிக்காக என்னையே நிறுத்திவைத்திருந்தார்கள். இறங்கி ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

பெட்டிக்குள் நிற்க இடமில்லை. ஜன்னலோரம் மட்டும் ஒரு சீட்டு காலி. அதில் மஞ்சள் பை சாய்ந்து உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி, காலடியில் வெற்றிலைக் கூடையோடு ஓர் அம்மா நின்றார்.

"உங்க பையா?" என்றார்.

"ஆமாங்க."

"ஒரு டீக்கு இம்மா நேரமா? கேட்டவுங்ககிட்டல்லாம் ஆளு டீ குடிக்கப் போயிருக்காருன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"நீங்க உட்கார்ந்திருக்கலாமேம்மா."

"நல்லாருக்கே! ஆளு வந்துட்டா?"

தஞ்சாவூரிலிருந்து நின்றே வந்திருக்கிறார். அவரை உட்காரவைத்துவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு நாகூர் வரை நான் நின்றேன். அவர் திருவாரூரில் இறங்கும்போது, ஏற வந்தவரிடம், "அது இவரு சீட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனாலும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

லாத்தா பல்லை மாட்டிக்கொண்டு முதலில் கடித்தது என்னைத்தான். "ஏன்டா இவ்ளோ நேரம்?" ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக விழுந்தது. மறுநாள் சம்பந்தி அம்மாவைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்புக்கு எண்ணூறு ரூபாய் தகும்.

சென்னை திரும்பிய மறுநாள், மெட்ரோ ஸ்டேஷன் இருக்கையில் அதே பையை வைத்துவிட்டு, வழி காட்டும் படத்தைப் பார்க்க நாலடி தள்ளிப் போனேன். காவலாளி விரைந்து வந்தார். "யாரோட பை இது? யாரோடது?" அவர் வேலை அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சுற்றி இருந்தவர்கள் எழுந்து தள்ளி நின்றார்கள். நான் கையைத் தூக்குவதற்கு முன், யாராவது ஒருவர் சொல்லிவிடமாட்டாரா என்று ஒரு கணம் காத்திருந்தேன்: ஆளு டீ குடிக்கப் போயிருக்காருங்க.