நான் அடிக்காத மணி

நான் மணியை அடிக்கவில்லை. அடித்தேன் என்று சொன்னேன். பொய்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்தேன். பள்ளியின் விவாதக் குழுவில் மூன்று பேர் பேசலாம். நான் நான்காவது. அதாவது, யாருக்காவது காய்ச்சல் வந்தால் நான். யாருக்கும் வரவில்லை!

மூன்றாவதாகப் பேசுகிறவள் நஸ்ரின். என் பெஞ்சு. என் ஒரே தோழி. அவள் வீட்டில் உருது. என் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் அவள் வாயைத் திறந்தால் தமிழ் மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நான் பேசினால் நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்பார். எனக்கு எரிந்தது. இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எரிந்தது.

அந்த வருடம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி எங்கள் பள்ளியிலேயே நடந்தது. தலைப்பு: தோல் தொழில் இந்த ஊருக்கு வாழ்வா, கேடா? சீட்டு எடுத்ததில் எங்களுக்குக் கேடு வந்தது.

ஒருவருக்கு நான்கு நிமிடம். மூன்று முடிந்ததும் ஒரு மணி. நான்கு முடிந்ததும் இரண்டு மணி. அப்போது பாதி வாக்கியமானாலும் நிறுத்திவிட வேண்டும்.

நஸ்ரினின் அப்பா தோல் பதனிடும் டேனரியில் கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கினவர். ஏறி வரவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் யாரிடமும் அவள் அதைப் பேசியதில்லை. இந்த மேடையில் பேசுவது என்று முடிவு செய்தாள்.

"ஆரம்பத்துலயே சொன்னா அழுதுடுவேன்டி. மூணு நிமிஷம் சாதாரணமா பேசுறேன். மொத மணி அடிச்சதும் அப்பாவைச் சொல்றேன். நீ அடிச்சா எனக்கு தைரியம் வந்துடும்."

மதிய இடைவேளைகளில் பழகினோம். மூன்று நிமிடம் ஆனதும் நான் ஜியோமெட்ரி பாக்ஸில் பேனாவால் தட்டுவேன். உடனே அவள் மூச்சை இழுத்து, "என் அப்பாவைத் தொட்டிக்குள் இறக்கும்போது..." என்று தொடங்குவாள். அந்த ஒரு நிமிடத்தைக் கேட்ட ஒரே ஆள் நான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"ம்ஹூம். மேடையில வந்து கேளுன்னு சொல்லியிருக்கேன். ஷூ கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வருது."

மணி அடிக்க எங்கள் பள்ளிதான் ஆள் தர வேண்டும். மிஸ் என்னைப் பார்த்தார். "நீ சும்மாதானே இருக்க? நீ உக்காரு."

சும்மாதானே இருக்க! அந்தச் சொல்... இல்லை. மிஸ் மேல் பழி போட நான் இதை எழுதவில்லை.

நஸ்ரின் பேசினாள். கடைசி வரிசையில் அவள் அம்மா, கறுப்பு புர்காவுக்கு மேல் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல். மூன்று நிமிடம் ஆனது. என் கை மணிக்கு மேலே இருந்தது. நடுவர்களுக்கு அப்போதுதான் டீ வந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

நான் அடிக்கவில்லை.

பத்து விநாடி தடுமாறட்டும் என்றுதான் நினைத்தேன்... பத்து ஆனது. இருபது ஆனது. பாலாற்றைப் பற்றிச் சொன்னதையே அவள் மறுபடி சொன்னாள். என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது. அதற்கு மேல் அடிக்க எனக்கே பயம். நான்கு நிமிடம் ஆனதும் இரண்டு முறை அடித்தேன்.

பாதி வாக்கியத்தில் நின்றாள். நன்றிகூடச் சொல்லாமல் இறங்கினாள். அவள் அம்மா கைதட்டினார். மகள் முடித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

மேடைக்குப் பின்னால் கேட்டாள். "மொத மணி அடிச்சியாடி?"

"அடிச்சேனே. கேக்கலையா?"

"கேக்கலையே..."

"சத்தமாத்தான் அடிச்சேன். இன்னா, காது செவிடா?"

சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்!

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் காதைச் சந்தேகப்பட்டாள். அடுத்த வாரம் அவள் அம்மா இன்னொரு நாள் லீவு போட்டு, வேலூருக்குக் கூட்டிப்போய்க் காதைப் பரிசோதிக்க வைத்தார். நினைத்துப் பாருங்கள். என் பொய்க்கு மருத்துவம்!

"ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்காம்டி," என்றாள் வந்து. "அப்போ கோளாறு எங்கிட்டதான். மேடை ஏறினா எனக்குக் காது அடைச்சுக்குது போல. எனக்கு இது ஒத்து வராது."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அவள் குழுவை விட்டாள். அந்த இடம் எனக்கு வந்தது.

அடுத்த வருடம் நான் மேடையில் நின்றேன். முதல் மணி அடித்தார்கள். அது எவ்வளவு சத்தம் தெரியுமா! யாருக்கும் கேட்காமல் போகாது. அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்கு முன்பே பெஞ்சு மாறியிருந்தேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று மிஸ்ஸிடம் சொல்லி முன் வரிசைக்கு. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து, "கண்ணாடி போட்டுக்கோடி," என்றாள்.

இப்போது ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறேன். கேன்டீனில் தனியாகச் சாப்பிடுவேன். யாராவது நெருங்கிப் பழகினால் எனக்கு ஆகாது. நம்பிவிடுவார்களே!

போன மாதம் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். நஸ்ரினின் அம்மா. எங்கள் தையல் பிரிவுக்கு மாறி வந்திருக்கிறார்.

"நீ நஸ்ரின் தோஸ்துதானேம்மா?"

தலையாட்டினேன்.

"அன்னைக்கி மேடையில எனக்காக ஒண்ணு வெச்சிருக்கேன்னு சொன்னா. இன்னான்னு கேட்டா மறந்துட்டேன்றா. கல்யாணமாகிப் போய்ட்டா, இன்னும் அதே பதில்தான். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஒரு சொல் விடாமல் தெரியும்.

"தெரியாதும்மா," என்றேன்.

"சரி விடு. இன்னா, கொழம்பு இவ்ளோ கம்மியா எடுத்தாந்திருக்க?" தன் டப்பாவிலிருந்து எடுத்து என் சோற்றில் ஊற்றினார். சாப்பிட்டேன்.

இதை யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், அப்படி எனக்கு இருந்தவள் நஸ்ரின் ஒருத்திதான்.

"என் அப்பாவைத் தொட்டிக்குள் இறக்கும்போது..." மீதியை உங்களிடம் சொல்ல மாட்டேன். அது நீங்கள் கேட்க வேண்டியது இல்லை. அந்த அம்மா கேட்க வேண்டியது.

நாளைக்கும் ஒரு மணிக்கு அவர் எதிரே வந்து உட்காருவார். தினமும் உட்காருகிறார். நான் தலையைக் குனிந்து சாப்பிடுகிறேன்...